பச்சை வீட்டுக்கும் அத்திவாரம் வேண்டும்

மாரியில் தக்காளி விலை ஏறும். அந்த விலைக்கு விற்க எமது வளவில் தக்காளி இருக்காது. இரணைமடுப் பகுதியில் தோட்டம் செய்யும் குடும்பங்கள் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. ஐப்பசி, கார்த்திகை மழை பூவை உதிர்த்துவிடுகிறது, காய் அழுகுகிறது, மண்ணிலிருந்து தெறிக்கும் நீர் நோயை இலைக்கு ஏற்றுகிறது. கோடையில் வெயிலும் கச்சான் காற்றும் வெள்ளை ஈயும் சேர்ந்து மிளகாய்ச் செடியைச் சுருள வைக்கின்றன. எனவேதான் வீட்டு வளவில் சிறியதொரு பச்சை வீடு அமைக்கும் எண்ணம் பலரிடம் வளர்ந்து வருகிறது.

பச்சை வீடு பற்றிப் பேசும்போது பொலித்தீன், வலை, சொட்டு நீர்க் குழாய், விதை ஆகியவற்றைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். அத்திவாரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "இது என்ன பெரிய மாடி வீடா?" என்று சிரிப்பவர்களும் உண்டு. இந்தப் பாடத்தில் நாம் அந்த அத்திவாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் மற்றவை எல்லாம் பழுதானால் மாற்றலாம். அத்திவாரம் பிழைத்தால் மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

எமது பச்சை வீடு எதற்காக?

குளிர் நாடுகளில் பச்சை வீடு சூட்டைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டப்படுகிறது. எமது நாட்டிலும் நுவரெலியா, வெலிமடை போன்ற மலைப் பிரதேசங்களில் அதற்கு அந்தப் பயன் ஓரளவு உண்டு. வன்னியில் சூடு எமக்குத் தேவையில்லை; அது ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது. நாம் கட்டுவது மழையை மறைக்கவும் பூச்சியைத் தடுக்கவும் கடும் வெயிலைத் தணிக்கவுமே. ஆகவே மேலே பொலித்தீன், நான்கு பக்கமும் பூச்சி வலை, கூரை முகட்டில் சூடு வெளியேற வழி என்பதே எமக்குப் பொருத்தமான அமைப்பு. பக்கங்களையும் பொலித்தீனால் மூடிவிட்டால் பங்குனி, சித்திரையில் செடி அவிந்துவிடும்.

இந்த அமைப்பில் ஓர் ஆபத்து இருக்கிறது. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று உள்ளே நுழைகிறது. நுழைந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. மேலால் ஓடும் காற்று அதே கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்தால் கூரை பறக்கப் பார்க்கிறது.

நாங்கள் செய்த பிழை

இதை நாங்கள் புத்தகத்திலிருந்து படிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இடதுகரை வாய்க்காலுக்கு அருகே ஒரு தாயின் வளவில் எமது முதலாவது பச்சை வீட்டை அமைத்தோம். பத்து அடி அகலம், இருபது அடி நீளம். எட்டு இரும்புக் குழாய்களை ஓரடி ஆழக் குழிகளில் நட்டு, வெட்டிய மண்ணையே போட்டு மிதித்து இறுக்கினோம். ஆவணியில் நட்டபோது குழாய்களை அசைக்கவே முடியவில்லை. மண் கல்லைப் போல இருந்தது. நாங்கள் திருப்தியோடு திரும்பினோம்.

கார்த்திகையில் மூன்று நாள் மழைக்குப் பிறகு ஓர் இரவு காற்று வீசியது. புயல் என்று சொல்லத்தக்க காற்றல்ல அது. காலையில் அந்தத் தாய் எழுந்து பார்த்தபோது பச்சை வீடு அவ்விடத்தில் இல்லை. அயல் வீட்டு வேலிக்கு மேலே, குழாய்களோடும் பொலித்தீனோடும் கவிழ்ந்து கிடந்தது. அது இருந்த இடத்தில் எட்டுக் குழிகள் தண்ணீர் நிரம்பி நின்றன. தக்காளி அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது. பொலித்தீனுக்கு அவர் மாதர் சங்கத்தில் எடுத்த கடன் இன்னும் பத்து மாதம் கட்ட வேண்டியிருந்தது.

அவர் எங்களைக் கோபிக்கவில்லை. "நீங்கள் படிச்ச பிள்ளைகள், சரியாத்தான் செய்திருப்பியள் எண்டு நினைச்சன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் கோபத்தை விடக் கனமாக இருந்தது.

இரண்டாம் முறை கட்ட முன்னர் அயற் கிராமத்தில் நீண்ட காலம் வேலை செய்த ஒரு மேசனிடம் போனோம். அவர் குழிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "வீட்டுக்கு அத்திவாரம் போடுறது அது தாழாமல் இருக்க. இதுக்குப் போடுறது இது பறக்காமல் இருக்க. நீங்கள் இரண்டுக்கும் போடேல்லைத் தம்பியவை."

இப்பாடத்தின் சாரம் அவருடைய இந்த வார்த்தைகளே.

காற்றின் பலத்தைக் கணக்கிடுவோம்

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 12 கிலோ பாரத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தருகிறது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 47 கிலோவாகிறது.

பத்து அடிக்கு இருபது அடி என்பது 200 சதுர அடி, அதாவது 18.6 சதுர மீற்றர். இந்த அழுத்தம் முழுவதும் கூரையைத் தூக்குகிறது என்று கொண்டால், 100 கிலோமீற்றர் காற்றில் தூக்கும் விசை ஏறத்தாழ 870 கிலோ. கதவு திறந்திருந்தால் இதைவிடவும் கூடலாம். குழாய்ச் சட்டமும் பொலித்தீனும் வலையும் சேர்ந்தாலும் இந்தப் பாரத்தின் அருகில் வராது. மிகுதியைப் பிடித்து வைக்க வேண்டியது அத்திவாரமே.

இப்போது எட்டுக் குழிகளிலும் கொங்கிறீற்று இடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓரடி நீளம், ஓரடி அகலம், இரண்டடி ஆழமான ஒரு கட்டி ஏறத்தாழ 136 கிலோ இருக்கும். எட்டுக் கட்டிகளும் 1,088 கிலோ. 870 ஐ விட இது கூடத்தானே, போதும் என்று தோன்றும்.

ஆனால் கிணற்றில் வாளி இழுத்தவர்கள் ஒன்றை அறிவார்கள். தண்ணீருக்குள் இருக்கும் மட்டும் வாளி பாரம் குறைவு. நீர்மட்டத்துக்கு மேலே வந்ததும் கை இழுபடும். கொங்கிறீற்றுக்கும் அதுவே நிகழ்கிறது. குழியைச் சுற்றி நீர் நிறைந்தால் அந்த 136 கிலோக் கட்டி, பிடித்து வைக்கும் வேலையில் 79 கிலோ அளவுக்கே பயன்படும். எட்டும் சேர்ந்து 632 கிலோ. 870 க்கு இது போதாது. கோடையில் போதுமாயிருந்த அத்திவாரம் மாரியில் போதாமற் போகிறது.

இரணைமடுவின் மாரி

எமது பகுதியில் இந்த வேறுபாடு சிறிய விடயமல்ல. காற்றும் நீரும் இங்கே ஒரே மாதங்களில் வருகின்றன. 1964 டிசம்பர் 22 இல் வவுனியாவைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த புயலை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை வடக்கை மூழ்கடித்தது. 2020 டிசம்பர் 2 இல் புரேவி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது. எல்லாம் நவம்பர், டிசம்பர் மாதங்களே. அந்த மாதங்களில்தான் எமது மண் நீர் குடித்து இளகிப் போயிருக்கும்.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. பின்னர் பல தடவைகள் அதன் கட்டு உயர்த்தப்பட்டது. அண்மைய புனரமைப்பின் பின் 36 அடி வரை நீர் தேக்கக்கூடியதாக 2018 டிசம்பரில் அது திறந்து வைக்கப்பட்டது. அதே மாதம் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த பெருமழையில் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. குளத்தின் கீழ்ப்புறத்திலும் வாய்க்கால் ஓரங்களிலும் வாழும் நாம், நிலத்துக்கு மேலே வரும் வெள்ளத்தை மட்டுமன்றி நிலத்துக்குக் கீழே ஏறிவரும் நீரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகவே எமது அத்திவாரம் மூன்று கடமைகளைச் செய்ய வேண்டும். நனைந்த மண்ணிலும் கூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். ஓடிவரும் நீரை உள்ளே விடாது தடுக்க வேண்டும். உள்ளே விழும் நீரை வெளியேற்ற வழி விட வேண்டும்.

இடம் தெரிதல்

வளவின் மேட்டுப் பகுதியைத் தெரியுங்கள். சென்ற மாரியில் எங்கே தண்ணீர் தேங்கியது என்பதை வீட்டிலுள்ள பெண்களிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்களே அதைச் சரியாக அறிவார்கள். வாய்க்கால் ஒதுக்கு நிலத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். பெரிய மரத்தின் கிளை விழும் தூரத்திலும் கட்ட வேண்டாம். நீளப் பக்கம் வடக்குத் தெற்காக அமைந்தால் எல்லாச் செடிக்கும் வெளிச்சம் ஓரளவு சமமாகக் கிடைக்கும். கச்சான் வரும் பக்கத்தில் பத்துப் பதினைந்து அடி தள்ளி கிளிசரியா வேலி இருந்தால் காற்றின் வேகம் குறையும்.

மண்ணைப் பரிசோதிப்பது எளிது. அலவாங்கால் இரண்டடி ஆழக் குழி ஒன்று வெட்டுங்கள். மாலையில் அதைத் தண்ணீரால் நிரப்பி, காலையில் பாருங்கள்.

தண்ணீர் முற்றாக வற்றி, குழியின் சுவர் இடியாமல் நின்றால் அது நல்ல செம்மண் அல்லது கிறவல் நிலம். இரண்டடி ஆழம் போதும்.

தண்ணீர் உடனே வற்றி, சுவரும் சரிந்தால் அது மணல் நிலம். இரண்டரை முதல் மூன்றடி ஆழமும் கூடிய அகலமும் தேவை.

காலையிலும் தண்ணீர் நின்றால் அது களி நிலம், அல்லது நீர்மட்டம் உயர்ந்த இடம். வேறு இடம் இருந்தால் அங்கே போங்கள். இல்லையேல் நிலத்தை ஓரடி உயர்த்தி, சுற்றி வடிகால் வெட்டிய பின்பே தொடங்குங்கள்.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். போர் நடந்த மண் இது. அண்மையில் விடுவிக்கப்பட்ட காணி, அல்லது நெடுங்காலம் வெட்டப்படாத காணி என்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதை கிராம அலுவலரிடம் உறுதி செய்துகொண்டு மண்வெட்டியை எடுங்கள். தோண்டும்போது சந்தேகமான பொருள் எதுவும் தென்பட்டால் தொடாதீர்கள். வந்த வழியே பின்வாங்கி, பிள்ளைகளை அப்பால் அனுப்பி, உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள்.

வேலை செய்யும் முறை

வேலைக்கு ஏற்ற காலம் ஆடி இறுதியிலிருந்து புரட்டாதி வரை. சிறுபோக அறுவடை முடிந்து கையில் ஓய்வும் இருக்கும். மழைக்கு முன் கொங்கிறீற்று இறுகவும் நாள் இருக்கும். அந்த நாட்களில் நிலம் கடினமாக இருக்குமாதலால், குழி வரும் இடங்களில் முதல் நாள் மாலை தண்ணீர் ஊற்றி விடுங்கள்.

1. மூலை பிடித்தல். நான்கு முளைகளை அடித்துக் கயிறு கட்டுங்கள். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடியும் மறு பக்கம் 8 அடியும் அளந்து அடையாளமிடுங்கள். இரு அடையாளங்களுக்கும் இடையே சரியாக 10 அடி இருந்தால் அந்த மூலை மட்டமானது. இறுதியில் மூலைக்கு மூலை குறுக்காக அளவுங்கள். இரண்டு குறுக்களவும் 22 அடி 4¼ அங்குலமாக வர வேண்டும். இவை வேறுபட்டால் கூரை வளைவுகள் பொருந்தாது; பொலித்தீன் ஒரு பக்கம் தளர்ந்து, காற்றில் அடிபட்டுக் கிழியும்.

2. மட்டம் பார்த்தல். விலை கூடிய கருவி வேண்டாம். முப்பது அடி நீளமான தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமற் செய்து, இரு முனைகளையும் இரு முளைகளோடு பிடியுங்கள். தண்ணீர் நிற்கும் உயரமே மட்டம். வாய்க்கால் நீரோடு வாழும் எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

3. குழி வெட்டுதல். ஒவ்வொரு நீளப் பக்கத்திலும் நான்கு குழிகள். நடுவிலிருந்து நடுவுக்கு 6 அடி 8 அங்குலம். குழி ஓரடிச் சதுரம். ஆழம் இரண்டேகால் அடி. அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் குழியை நாற்புறமும் குடைந்து ஒன்றரை அடிச் சதுரமாக அகலப்படுத்துங்கள். குடத்தைப் போல வாய் ஒடுங்கி, வயிறு அகன்றிருக்க வேண்டும். இதுவே முழு வேலையின் உயிர்.

இந்த அகன்ற அடியினால் என்ன பயன்? கட்டியின் பாரம் 136 கிலோவிலிருந்து ஏறத்தாழ 178 கிலோவாகக் கூடுகிறது. நீரில் நிற்கும்போதும் 104 கிலோ மிஞ்சுகிறது. எட்டுக்கும் 832 கிலோ. அதற்கு மேல், அந்த அகன்ற தோளின் மீது இருக்கும் மண்ணையும் தூக்கினால்தான் கட்டி மேலே வரும். நனைந்த நிலையிலும் அந்த மண் ஒவ்வொரு கட்டிக்கும் ஏறத்தாழ 48 கிலோவைச் சேர்க்கிறது. மொத்தம் 1,200 கிலோவைத் தாண்டுகிறது. ஒவ்வொரு புறமும் மூன்று அங்குலம் அதிகமாகக் குடையும் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி இது. தோளுக்கு மேலுள்ள மண் வெட்டப்படாத மண்ணாக இருக்க வேண்டும் என்பதால், மேலிருந்து அகலமாக வெட்டிப் பின்னர் மண் நிரப்ப வேண்டாம். மணல் நிலத்தில் குடைய முடியாது. அங்கே முழுக் குழியையும் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, முழுவதையும் கொங்கிறீற்றால் நிரப்ப வேண்டியதுதான்.

4. குழாய் நிறுத்துதல். குழியின் அடியில் மூன்று அங்குலம் சல்லி போட்டு இடியுங்கள். குழாயின் கீழ் முனைக்கு மேலே நான்கு அங்குலத்தில் துளையிட்டு, எட்டு அங்குல நீளமான இரும்புக் கம்பி ஒன்றைக் குறுக்கே செருகுங்கள். இது இல்லாவிட்டால் கட்டி நிலத்தில் நிற்க, குழாய் மட்டும் உருவிக்கொண்டு போகும். தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தி, இரு சலாகைகளால் முட்டுக் கொடுங்கள்.

முழுத் தூணையும் புதைக்காமல், நிலத்துக்கு மேல் ஓரடி நிற்கக்கூடிய குட்டைக் குழாயைப் புதைத்து, கூட்டின் தூணை அதன் மேல் செருகிப் போல்ட் பூட்டுவது இன்னும் நல்லது. காணி மாற நேர்ந்தால் கூட்டைக் கழற்றிக்கொண்டு போகலாம். பல தடவை இடம்பெயர்ந்த மக்களுக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

5. கலவை. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குலச் சல்லி. ஒரு பைச் சீமெந்துக்கு 25 லீற்றர் தண்ணீருக்குக் கிட்டப் போதும். தண்ணீர் கூடக் கூடக் கலவை ஊற்ற இலகுவாகும், ஆனால் பலம் குறையும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஆற்று மணலை அனுமதிப் பத்திரம் உள்ளவரிடமே வாங்குங்கள். கனகராயன் ஆற்றைக் கள்ளமாகத் தோண்டினால் அதன் கரை இடிந்து எமது நிலத்துக்கே வெள்ளம் வரும்.

6. ஊற்றுதல். ஆறு ஆறு அங்குலமாக ஊற்றி, ஒரு தடியால் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். அகன்ற அடியின் மூலைகளுக்குக் கலவை போய்ச் சேருகிறதா என்று கவனியுங்கள். கட்டியின் தலையை நிலமட்டத்துக்கு மேலே மூன்று அங்குலம் உயர்த்தி, குழாயிலிருந்து வெளிப்புறமாகச் சரிவாக முடியுங்கள். குழாயின் காலடியில் தண்ணீர் தேங்கினால் அவ்விடத்திலேயே முதலில் துருப்பிடிக்கும்.

7. நனைத்தல். மறுநாளிலிருந்து ஏழு நாட்களுக்கு ஈரச் சாக்கால் மூடிக் காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள். ஆவணி வெயிலில் இதைத் தவறவிட்டால் கொங்கிறீற்று வெடிக்கும். அந்த ஏழு நாட்களுக்குள் கூட்டை ஏற்ற வேண்டாம்.

8. வரம்புச் சுவர். தூண்களுக்கு இடையே ஒன்பது அங்குல அகலம், ஆறு அங்குல ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, நான்கு அங்குலத்துக்கு 1:3:6 கலவை இட்டு, அதன் மேல் ஒரு வரி சீமெந்துக் கல் வையுங்கள். இது பாரம் தாங்கும் சுவரல்ல. வெள்ளத்தையும் எலியையும் தடுக்கும் வரம்பு. தாழ்ந்த பக்கத்தில் இரண்டு இடங்களில் இரண்டு அங்குலக் குழாய் வைத்து, உள் நீர் வெளியேற வழி விடுங்கள். குழாய் வாயை வலைத் துண்டால் மூடுங்கள். தரைக்குக் கொங்கிறீற்று போட வேண்டாம். செடி நிற்பது மண்ணில். அந்த மண்ணை மூட நாம் பச்சை வீடு கட்டவில்லை.

9. வடிகால். கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,860 லீற்றர் தண்ணீர் அத்திவாரத்தின் ஓரத்திலேயே வந்து விழும். ஆகவே சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி அகலம், ஒன்பது அங்குல ஆழத்தில் சுற்றிவர வடிகால் வெட்டுங்கள். ஒவ்வொரு எட்டு அடிக்கும் ஓர் அங்குலம் சரிவு போதும். அந்த நீரை அயல் வளவுக்குள் விடாமல் ஒரு குழிக்கோ தென்னையடிக்கோ திருப்புங்கள். பீலி பூட்டித் தாங்கியில் சேர்த்தால் மாசியில் உதவும்.

தேவையான பொருட்கள் (10 × 20 அடிக்கு)

எட்டுக் கட்டிகளுக்கு: சீமெந்து 4 முதல் 5 பை, மணல் 10 கன அடி, சல்லி 20 கன அடி. அடியில் பரப்பும் சல்லி வேறாக.

வரம்புச் சுவருக்கு: சீமெந்து 3 பை (கல் வைக்கும் சாந்தும் சேர்த்து), 16 அங்குலச் சீமெந்துக் கல் 43. உடையும் கற்களுக்காக மூன்று நான்கு கூடுதலாக வாங்குங்கள்.

பணம் ஒரே தடவையில் இல்லையென்றால் கட்டிகளை இவ்வாண்டு போடுங்கள். வரம்புச் சுவரை அடுத்த ஆண்டு கட்டலாம். அதுவரை வயல் வரம்பைப் போல ஒன்பது அங்குல மண் வரம்பு போட்டு இறுக்கி விடுங்கள். இந்த வரிசையை மாற்றிச் சுவரை முதலில் கட்டாதீர்கள். சுவர் பார்வைக்கு அழகு. கூட்டைக் காப்பது நிலத்துக்குள் மறைந்திருக்கும் கட்டியே.

மரத்தூண் வைப்பவர்களுக்கு

பலரிடம் குழாய் வாங்க வசதியில்லை. மரத்தூணும் நல்லதே. ஆனால் மரத்தை நேரடியாக மண்ணில் நட்டால் கறையான் தின்னும். கொங்கிறீற்றுக்குள் புதைத்தால் ஈரம் பிடித்து, நிலமட்டத்திலேயே உக்கி முறியும். எனவே கொங்கிறீற்றில் இரண்டு இரும்புப் பட்டங்களைப் புதைத்து, மரத்தின் அடி கட்டிக்கு மேலே ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்படி போல்ட் பூட்டுங்கள். பட்டங்களின் கீழ் முனைகளை வெளிப்புறமாக மடித்துப் புதைத்தால் அவை உருவிக்கொண்டு வராது. பனையின் வைரமான வெளிப்பகுதி உழைக்கும். முதிரை, பாலை கிடைத்தாலும் அனுமதியின்றிக் காட்டு மரம் வெட்ட வேண்டாம்.

சீமெந்தே வாங்க முடியாதவர்கள் புதைகல் முறையைக் கையாளலாம். ஒவ்வொரு தூணுக்கும் வெளிப்புறமாக இரண்டரை அடி ஆழத்தில் ஒரு சீமெந்துக் கல்லையோ கருங்கல்லையோ நாகம் பூசிய தடித்த கம்பியால் கட்டிப் புதைத்து, மண்ணை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக நீர் தெளித்து இடித்து இறுக்கி, கம்பியைத் தூணின் தலையோடு முறுக்கிக் கட்டுங்கள். கொங்கிறீற்றுக்கு இது ஈடாகாது. ஆனால் ஓரடிக் குழியை விட எவ்வளவோ மேல். ஒவ்வொரு மாரிக்கு முன்பும் கம்பி துருப்பிடித்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

அத்திவாரத்துக்கும் எல்லை உண்டு

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பெரும் புயலை எதிர்த்து நிற்கும் என்று நாம் உறுதி கூற முடியாது. 130, 140 கிலோமீற்றர் வேகத்தில் மேலே சொன்ன கணக்கு எல்லாம் இரு மடங்காகும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் பொலித்தீனை அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். நேரமில்லையென்றால் கத்தியால் கிழித்து விடத் தயங்க வேண்டாம். பொலித்தீன் போனால் ஒரு போகத்தோடு ஈடு செய்யலாம். காற்றைப் பிடிக்கப் பரப்பு இல்லாதபோது கூடு நிற்கும். கூடு நின்றால் மழை விட்ட மறுவாரமே மீண்டும் தொடங்கலாம்.

அந்தத் தாயின் வளவில் இரண்டாவது பச்சை வீட்டை எங்கள் செலவில் கட்டிக் கொடுத்தோம். அது கடமை, உதவி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. குழிகளைக் குடையும்போது அவர் தாமே ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு, அடி அகன்றிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஒரு குழி போதாது என்று திரும்ப வெட்டச் சொன்னார். அதன்பின் வந்த மாரிகளில் பொலித்தீன் ஒரு தடவை கிழிந்தது. கூடு அசையவில்லை. இப்போது அயலில் யாராவது பச்சை வீடு கட்டத் தொடங்கினால், குழியைப் பார்க்க அவரையே கூப்பிடுகிறார்கள்.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் மாரியில் நீர் தேங்கும் இடங்கள் எவை? நிலத்தின் படம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து வரைந்து அவற்றைக் குறியுங்கள்.

2. மூன்று வேறு வளவுகளில் குழிப் பரிசோதனை செய்து, காலையில் கண்டதை ஒப்பிடுங்கள். எந்த வளவில் எவ்வளவு ஆழம் தேவை?

3. உங்கள் பச்சை வீட்டின் அளவு 12 அடிக்கு 30 அடி என்றால், 100 கிலோமீற்றர் காற்று எவ்வளவு விசையோடு தூக்கும்? அகன்ற அடியுள்ள கட்டிகள் எத்தனை தேவை? (ஒரு சதுர மீற்றர் ஏறத்தாழ 10¾ சதுர அடி. நனைந்த நிலையில் ஒரு கட்டிக்கு 150 கிலோ என்று கொள்க.)

4. கடன் எடுத்துக் கட்டும் ஒரு குடும்பம் எதில் செலவைக் குறைக்கலாம்? எதில் குறைக்கவே கூடாது?

5. புயல் எச்சரிக்கை வந்த இரவில், தனியாக வாழும் ஒருவரின் பொலித்தீனை அவிழ்க்க யார் போவது? இதை மாரிக்கு முன்பே தீர்மானித்து வையுங்கள்.